ஒரு பிளேடு தாழ்ந்த டூல் போஸ்ட்

1. அந்தச் சத்தம்

பார்ட்டிங் டூல் உடையும் சத்தத்தை லேத்தில் நின்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கடைந்து முடித்த துண்டை ராடிலிருந்து அறுத்தெடுக்கிற டூல் அது. ‘பட்’ என்று ஒரே ஒரு சத்தம். அடுத்து மோட்டார் முனகும். அடுத்துப் பட்டறையில் இருக்கிற அத்தனை பேரும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த மூன்றாவதுதான் தாங்க முடியாது.

நான் எத்தனையோ பார்ட்டிங் டூலை உடைத்திருக்கிறேன். ஆனால் முதலாளியையும் கஸ்டமரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, “இப்பப் பாருங்க வேடிக்கைய” என்று சொல்லிவிட்டு உடைத்தது ஒரே ஒரு தடவைதான். வேடிக்கை நன்றாகத்தான் இருந்தது. முக்கால்வாசி முடிந்திருந்த கன்மெட்டல் ஸ்லீவ், அதாவது வெண்கலம் மாதிரி உலோகத்தில் செய்த உறை, டூலின் மேல் ஏறி, கிழிந்து, அதைப் பிடித்திருந்த சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்து, உருண்டுபோய் அந்தக் கஸ்டமர் அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றது. அவர் குனிந்து எடுத்தார். சூட்டில் “ஆத்தாடி!” என்று கீழே போட்டார். என் முகத்தில் ஈயாடவில்லை.

இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். முழங்கால் போய்விட்டது, மற்றபடி சௌக்கியம். திண்டுக்கல்லில் நாகல் நகர் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் நின்றேன். இன்றைக்கும் பட்டறை வைத்திருக்கிற தம்பிகள் போனில் ஏதாவது வீடியோவைப் பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்க கையாலயே ஒரு குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் செஞ்சீங்களாமே, எப்படிண்ணே?” என்று கேட்கிறார்கள். எப்படி என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். ஏன் செய்தேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

2. பிளேடு, தகரம், காகிதம்

லேத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். சுற்றுகிற ஜாபுக்கு, அதாவது கடைகிற துண்டுக்கு, சரியான நடு உயரத்தில் டூலின் முனை நிற்க வேண்டும். கீழே போனால் ஜாப் டூலின் மேல் ஏறப் பார்க்கும். மேலே போனால் வெட்டாமல் உரசும். எங்களிடம் இருந்தது பழைய நாலுமுக டூல் போஸ்ட். அதில் டூலைச் செருகி, அடியில் எதையாவது கொடுத்து உயர்த்தி, போல்ட்டை முடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பதற்குப் பெயர் பேக்கிங். டூலைச் சாணை பிடித்தால் உயரம் மாறிவிடும். மறுபடியும் பேக்கிங். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை இதே பாடு.

எங்கள் பட்டறையில் பேக்கிங்கின் அளவே தனி. உடைந்த ஹேக்ஸா பிளேடு ஒரு அளவு. புகையிலை டப்பாவை வெட்டி எடுத்த தகரம் அதற்கும் சின்ன அளவு. காலண்டர் காகிதம் எல்லாவற்றிலும் சின்னது. “ரெண்டு பிளேடு ஒரு தகரம் குடு”, “ஒரு காகிதம் எடுத்துரு” என்றுதான் பேச்சு. ஒவ்வொருத்தரும் ஒரு டப்பாவில் தன் பேக்கிங்கை வைத்திருப்போம். அடுத்தவன் டப்பாவில் கை வைத்தால் சண்டைதான். ஒரு தகரத்துக்காகக் காதரும் நானும் பத்து நாள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

காதர் என்னோடு வேலை பார்த்தவன். பெரிய லேத் அவனுக்கு, நாலரை அடி சின்ன லேத் எனக்கு. முதலாளி ஞானம் அண்ணன். அவரும் லேத்தில் நின்ற பழைய டர்னர்தான். கோபம் வந்தால் “சேசுவே!” என்று தலையில் கை வைப்பார், அவர் தலையிலா நம் தலையிலா என்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது.

என் சின்ன லேத்துக்கு ஒரு குணம் உண்டு. சக்குக்கு எதிரே ஜாபின் மறுமுனையைத் தாங்குகிற டெயில் ஸ்டாக், தேய்ந்து தேய்ந்து கொஞ்சம் தணிந்துவிட்டது. அதனால் அதில் மாட்டுகிற கூர்முனைச் சென்டரை வைத்து டூலின் உயரம் பார்த்தால் தப்பாக வரும். அந்தச் சென்டருக்குச் சரியாக வைத்துவிட்டு, மேலே ஒரு பிளேடு கூட்டி வைக்க வேண்டும். அந்த லேத் என் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஞானம் அண்ணன் சொன்னது: “ஒரு பிளேடு கூட்டி வையிடா.” அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. என் கை தானாக ஒரு பிளேடைக் கூட்டி வைத்துவிடும். சோற்றுக்கு உப்புப் போடுகிறவர்கள் அளந்தா போடுகிறார்கள்?

3. வெள்ளெழுத்து

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. தூரத்தில் நிற்கிற பஸ்ஸின் போர்டில் ‘வத்தலக்குண்டு’ என்று படித்துவிடுவேன். கையில் இருக்கிற, அளவு பார்க்கிற வெர்னியரின் கோடு தெரியாது. முதலில் வெர்னியரைத் திட்டினேன். அப்புறம் பட்டறை லைட்டைத் திட்டினேன். பிறகு கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். என் கைக்கும் ஒரு நீளம் இருக்கிறதே, எவ்வளவுதான் நீட்டுவது?

இதற்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். போட முடியாத காரணம் ராஜாமணி அண்ணன்.

ராஜாமணி அண்ணன் எங்கள் பட்டறையின் சீனியர் டர்னர். நான் சேர்ந்தபோது சின்ன லேத் அவர் கையில்தான் இருந்தது. த்ரெட் போட்டால் நட்டு வெண்ணெயில் போகிற மாதிரி போகும். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். மறுநாளே ஞானம் அண்ணன் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “கண்ணாடி போட்டவன் லேத்துல நிக்கக் கூடாதுப்பா. இரும்புச் சிப்ஸ் தெறிச்சுக் கண்ணாடி ஒடைஞ்சா கண்ணே போயிரும். ராஜாமணி, நீ பவர் ஹேக்ஸா பாத்துக்க.” பவர் ஹேக்ஸா என்றால் ராடை வைத்து சுவிட்சைப் போட்டுவிட்டு அது அறுத்து முடிக்கிறவரைக்கும் சும்மா நிற்கிற வேலை. டர்னருக்கு அது தண்டனை. ராஜாமணி அண்ணன் போய் ஹேக்ஸா சுவிட்சைப் போட்டார். ஒரு வருஷம் ஹேக்ஸா பக்கத்தில் நின்றார், பிறகு வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு வத்தலக்குண்டு போய்விட்டார். சின்ன லேத் எனக்கு வந்தது.

நான் கண்ணாடி போட்டால் எனக்கும் அதே ஹேக்ஸாதான். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். எங்கள் அப்பா எரியோட்டுப் பக்கம் தக்காளி போட்டவர். அந்த வேலை எனக்கு ஆகாது என்று அவரே சொல்லித்தான் இங்கே அனுப்பினார். லேத் போனால் நான் யார்? அதனால் மறைத்தேன். “வெர்னியர்ல ஆயில் பட்ருச்சு மாப்ளே, எம்புட்டுன்னு பாத்துச் சொல்லு” என்று காதரிடம் நீட்டுவேன். ஒரு வாரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் கேட்கவில்லை. நான் நீட்டாமலே எட்டிப் பார்த்து அளவைச் சொல்ல ஆரம்பித்தான். அதுதான் காதர். தகரத்துக்குச் சண்டை போடுவான், அடுத்தவன் மானத்தை விட்டுக்கொடுக்க மாட்டான்.

வெர்னியருக்குக் காதர் இருந்தான். பேக்கிங்குக்கு யார் இருக்கிறார்கள்? டூல் முனை சென்டரில் நிற்கிறதா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை குனிந்து பார்க்க வேண்டும். எனக்கு முனையே தெரியவில்லை, மங்கலாக ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது.

4. ஓட்டையும் தண்டும்

அந்தச் சமயத்தில் ஒரு நூல் மில்லுக்கு ஜாப் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். அவர்கள் மெயின்டனன்ஸ் ஷாப்பில் புது லேத் ஒன்று. அதில் நின்ற ஆள் ஒரு கைப்பிடியைத் தட்டினார், டூல் பிளாக்கோடு கழன்று கையில் வந்தது. வேறு பிளாக்கை மாட்டித் தட்டினார், உடனே வெட்ட ஆரம்பித்துவிட்டார். குனியவில்லை, பார்க்கவில்லை, பேக்கிங் இல்லை. “ஏங்க, சென்டர் பாக்க வேணாமா?” என்றேன். “ஒருக்கா செட் பண்ணி நட்டப் பூட்டிட்டா அப்பறம் எதுக்குங்க பாக்கணும்?” என்றார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள், மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலைத் தொட வேண்டும் போல இருந்தது.

ஒரே ஒரு தடவை நன்றாகப் பார்த்து வைத்தால் போதும். அதற்கப்புறம் கண்ணே வேண்டாம். பஸ்ஸில் வரும்போது வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஞானம் அண்ணனிடம் போய் நின்றேன். “நேரம் மிச்சமாகும்ணே” என்றேன். பச்சைப் பொய் இல்லை, ஆனால் பொய்தான்.

“நாலு பக்கம் டூல் மாட்டுற போஸ்ட் இருக்கே, அது பத்தாதா ஒனக்கு?”

“சாப்பாட்டு நேரத்துல செஞ்சுக்கிறேண்ணே. ஸ்கிராப்ல கெடக்குறத வச்சே செய்றேன்.”

“செய்யி, செய்யி. ஜாபுல கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்தாப் போதும், மத்தபடி என்ன எழவையும் செய்யி.” கண் என்றதும் எனக்குத் திக்கென்றது.

மில்லில் பார்த்தது டவ்டெயில் போட்டது, அதாவது சரிந்த ஓரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிற பள்ளம். அதைச் செதுக்க நல்ல மில்லிங் மெஷின் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு கிழட்டு ஷேப்பிங் மெஷின். அதில் முக்கி முனகி டவ்டெயில் போட்டாலும், அளவு பார்க்கக் கண் வேண்டும். அதனால் வேறு வழி பிடித்தேன். உருண்டையான ஒரு தண்டு, அதில் சொருகிக்கொள்கிற ஓட்டை போட்ட பிளாக்குகள். ஓட்டையும் தண்டும் சேருகிறதா என்பதைக் கையே சொல்லிவிடும்.

தண்டுக்கு உடைந்த மோட்டார் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தது. நல்ல இரும்பு. அடியில் அகலமான ஒரு காலரை விட்டு, ஒன்றேகால் இஞ்சுக்குக் கடைந்து, எமரி போட்டு வழவழப்பாக்கினேன். பிளாக்குக்கு ரெண்டு இஞ்சுச் சதுர எம்.எஸ். பார், சாதா இரும்பு. ஒவ்வொரு துண்டையும் நாலு ஜா சக்கில் பிடித்து நடுவில் ஓட்டை போரிங் செய்தேன். டூல் உட்காரும் பள்ளத்தை ஷேப்பிங் மெஷினில் போட்டேன். பிறகு ஓட்டை வரைக்கும் ஹேக்ஸாவால் ஒரு பிளவு. குறுக்கே ஒரு ஆலன் போல்ட். அதை முடுக்கினால் பிளவு மூடி, பிளாக் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உயரத்துக்கு, பிளாக்கின் தலைமேல் தொங்குகிற மாதிரி ஒரு ஸ்குரூ. அதன் அடி தண்டின் உச்சியில் உட்காரும். ஸ்குரூவைத் திருகினால் பிளாக் ஏறும், இறங்கும். சரியான இடத்தில் லாக் நட்டைப் பூட்டிவிட்டால், எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் அதே உயரம். இவ்வளவுதான் சங்கதி.

முதல் பிளாக் லொடலொடவென்று ஆகிவிட்டது. கடைசி வெட்டில் பேராசைப்பட்டேன். அதைத் தூக்கி ஸ்கிராப்பில் போட்டபோது காதர் தூக்குச் சட்டியோடு நின்று பார்த்தான். “ஏலே, தாஜ்மகாலா கட்டுற? வெஞ்சனம் ஆறிப்போகுது, வந்து தின்னு” என்றான். இரண்டாவது பிளாக்கில் நூல் நூலாக எடுத்து, எடுக்க எடுக்கத் தண்டைக் கொண்டுவந்து சொருகிப் பார்த்தேன். எண்ணெய் தடவிச் சொருகியதும் அது தானாக மெதுவாக இறங்கியது பாருங்கள், அந்தச் சுகத்தை இன்றைக்கும் என் விரல் மறக்கவில்லை. அந்த ஒரு மாதம் மாதிரி சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே இல்லை. கண் போனால் என்ன, கை இருக்கிறது என்று திமிராகக்கூட இருந்தது.

ஆறு பிளாக், வேலைக்கு ஒன்று. ரஃப், ஃபினிஷ், போரிங், சேம்பர், த்ரெட், பார்ட்டிங். எல்லாம் முடிந்த அன்று காலை பதினோரு மணிக்கு, கூரைக் கண்ணாடி வழியாக வெயில் நேராக லேத்தின் மேல் விழுகிற நேரத்தில், உயரம் செட் செய்தேன். டெயில் ஸ்டாக்கில் சென்டரை மாட்டி, அதன் கூர்முனைக்கு ஒவ்வொரு டூலையும் கொண்டுவந்து, கண் பாதி, நகத்தால் தடவிப் பார்ப்பது பாதி என்று ஆறையும் சரிசெய்து நட்டுகளைப் பூட்டினேன்.

எங்கே தப்பு என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. என் கை இத்தனை வருஷமாகக் கூட்டி வைத்தது பிளேடு. இங்கே பிளேடே கிடையாது, ஸ்குரூ. எடுத்து வைக்கப் பிளேடு இல்லாத இடத்தில் கூட்டி வைக்க வேண்டும் என்ற நினைப்பே கைக்கு வரவில்லை. ஆறு டூலும் ஒரு பிளேடு தாழ்ந்து நின்றன.

5. அரும்பு

மறுநாள் காலை பாண்டியம்மா வந்தார். கன்னிவாடிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறவர். கிணற்று மோட்டார் பம்ப்பின் ஷாஃப்ட்டுக்கு உறை மாதிரி மாட்டியிருக்கிற ஸ்லீவ் தேய்ந்து, தண்ணீர் ஏறாமல் நின்றுவிட்டது. ஷாஃப்டோடு, கடையில் வாங்கிய, ஒரே ஒரு ஸ்லீவுக்குப் போதுகிற கன்மெட்டல் ராடையும் பையில் கொண்டுவந்திருந்தார்.

“ரெண்டு நாளாத் தண்ணி பாய்ச்சலண்ணே. செடி தொங்கிப்போச்சு. செத்த நேரத்துல முடிச்சுக் குடுத்துருங்கண்ணே, இருந்து வாங்கிட்டே போறேன்” என்றார்.

ஸ்லீவ் என்றால் முகம் வெட்டி, டிரில் போட்டு, போரிங் செய்து, வெளிப்பக்கம் கடைந்து, ஓரம் மழித்து, கடைசியில் பார்ட்டிங். அஞ்சு டூல். என் டூல் போஸ்ட்டுக்கென்றே வந்த ஜாப். “உக்காரு தங்கச்சி, டீ குடிக்கறதுக்குள்ள தாரேன்” என்றேன். வாய் சும்மா இருந்ததா? “அண்ணே, நீங்களும் வாங்க” என்று ஞானம் அண்ணனையும் கூப்பிட்டேன்.

முதலில் முகம் வெட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டு அடுத்த பிளாக்கை எடுக்கத் திரும்பினேன். பாண்டியம்மா கிட்டே வந்து ராடின் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணே, நடுவுல அரும்பு மாதிரி ஒண்ணு நிக்குதே, அதுவும் வேணுமா?”

டூல் தாழ்ந்திருந்தால் நடுவில் ஒரு சின்னப் பொட்டு வெட்டுப்படாமல் நின்றுவிடும். முதல் வருஷம் படிக்கிற ஐ.டி.ஐ. பையனுக்கும் அது தெரியும். அதைப் பார்த்த உடனே எவனும் டூலை உயர்த்துவான். நான் குனிந்து பார்த்தேன். வழவழவென்று மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தது. அரும்பும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை.

“எனக்குத் தெரியல தங்கச்சி, எங்க இருக்கு?” என்று கேட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன்? “ஆமா ஆமா, அது டிரில் போட்டாப் போயிரும்” என்றேன். பார்த்த மாதிரியே சொன்னேன். டிரில் போட்டதும் அது போயும் போய்விட்டது. போரிங் நடந்தது. வெளிப்பக்கம் கடைந்தேன். பிளாக்கைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன், ஞானம் அண்ணன் “பரவால்லயேடா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்ட்டிங் பிளாக்கை மாட்டி, “இப்பப் பாருங்க வேடிக்கைய” என்றேன்.

அப்புறம் நடந்ததை மேலேயே சொல்லிவிட்டேன்.

6. ஞானம் அண்ணன் கேட்டது

முதலில் காதர்தான் வந்தான். டெயில் ஸ்டாக்கை இழுத்து, சென்டரை டூலில் மிஞ்சியிருந்த விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தான், ரெண்டும் ஒரே உயரம். “யா அல்லா” என்றான். பிறகு ரொம்ப மெதுவாக, “ஒரு பிளேடு கூட்டலையே மாப்ளே” என்றான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது.

ஞானம் அண்ணன் கிழிந்த ஸ்லீவைத் துணியால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் பிளேடு மேல் இல்லை.

“இந்தம்மா அரும்புன்னு சொல்லுச்சே. நீ பாத்தியா?”

“லைட்டு சரியில்லண்ணே இந்தப் பக்கம்” என்று காதர் குறுக்கே விழுந்தான்.

“ஒன்னக் கேக்கல. செல்வராசு, ஒன் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா, தெரியலையா?”

தெரிந்தது என்று சொன்னால் நான் கவனமில்லாதவன். தெரியவில்லை என்று சொன்னால் பவர் ஹேக்ஸா. கவனமில்லாதவனாகவே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாண்டியம்மா அங்கேயே நின்றார். ரெண்டு நாளாகத் தண்ணீர் காணாத செடி அவருடையது. அவர் சொன்னதுதான் சரி, நான் அவர் வாயை அடைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“தெரியலண்ணே. ஆறு மாசமாவே கிட்டப் பார்வ தெரியல. அத மறைக்கத்தான் இந்த டூல் போஸ்ட்டே செஞ்சேன்” என்றேன். 

ஞானம் அண்ணன் கிழிந்த ஸ்லீவை லேத் மேல் வைத்தார். “மொதல்ல அந்தம்மாவுக்கு ஸ்லீவக் கடைஞ்சு குடு. மிச்சத்த அப்பறம் பேசுவோம்” என்றார். ஸ்கிராப் பெட்டியைக் கிளறி ஒரு பழைய கன்மெட்டல் வால்வு புஷ்ஷை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

உடைந்த டூலுக்குப் பதில் புதுசை மாட்டி, ஒவ்வொரு பிளாக்கிலும் லாக் நட்டைத் தளர்த்தி, அடியில் ஒரு பிளேடைக் கொடுத்து அளந்து, ஸ்குரூவைத் திருகி, பூட்டினேன். ஆறும் முடிய ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பழைய போஸ்ட்டாக இருந்தால் அரைநாள் போயிருக்கும். செய்த பொருள் நல்ல பொருள்தான். செய்தவன்தான் கள்ளன்.

ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்தி, “தங்கச்சி, பாத்துச் சொல்லு” என்றேன். பாண்டியம்மா குனிந்து பார்த்து, “இல்லண்ணே, சுத்தமா இருக்கு” என்றார். அந்த அம்மாவின் கண் இருக்கிறதே, விடியற்காலையில் இலைக்கு அடியில் அரும்பைப் பார்த்துப் பார்த்துப் பறித்த கண். அளவைக் காதர் படித்தான். பார்ட்டிங் டூல் வெண்ணெயாக இறங்கியது. ஸ்லீவ் ஷாஃப்ட்டில் சரக்கென்று உட்கார்ந்தது. “மறுபடி ஏதாச்சும்னா ஒங்ககிட்டயே வாரேண்ணே” என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். இத்தனைக்கும் பிறகு அப்படிச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

7. ராஜாமணி அண்ணன்

ஞானம் அண்ணன் என்னைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போனார். நான் முந்திக்கொண்டேன். “அண்ணே, ஹேக்ஸாவுக்குப் போறேண்ணே. வேலைய விட்டு மட்டும் நிறுத்திராதீங்க” என்றேன்.

“சேசுவே!” அன்றைக்கு அவர் தலையில்தான் கை வைத்தார். “ஒன்ன எவன்டா ஹேக்ஸாவுக்குப் போகச் சொன்னான்?”

“நீங்கதானண்ணே சொன்னீங்க, கண்ணாடி போட்டவன் லேத்துல நிக்கக் கூடாதுன்னு. ராஜாமணி அண்ணன...”

அவர் பட்டறைப் பக்கம் திரும்பி யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். அப்புறம் சொன்னார். “ராஜாமணிக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்லடா. கை நடுங்க ஆரம்பிச்சுருச்சு. நிக்காத நடுக்கம். சக்குக்குள்ள கை போயிரும்னு நாந்தான் பயந்து மாறச் சொன்னேன். அவன் அழுதான். ‘டர்னருக்குக் கை நடுங்குதுன்னு வெளிய தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் சாவேன், கண்ணு தெரியலன்னு சொல்லிருண்ணே’ன்னான். பஸ் ஸ்டாண்டுல ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தேன். பவரே கெடையாது அதுக்கு. அவனுக்காகச் சொன்ன பேச்ச நீ சட்டம்னு புடிச்சுக்கிட்டுக் கண்ண மறைச்சுக்கிட்டு நிக்கிற. கூமுட்டை! நாளைக்குக் கண்ணாடி இல்லாம லேத் பக்கம் வந்த, கால ஒடிச்சுருவேன். இது வெளிய போச்சு, அதுக்கும் ஒடிப்பேன்.”

கண்ணாடி போட்டேன். போட்டுக்கொண்டு முதன்முதலாக என் டூல் போஸ்ட்டைப் பார்த்தேன். அட சாமி! ஹேக்ஸா பிளவு எல்லாம் கோணல், ஓரமெல்லாம் பிசிறு. “இம்புட்டு நாளா இதப் பாத்துட்டுச் சும்மாவா இருந்த?” என்று காதரைக் கேட்டேன். “நல்லா இருக்குன்னு நீ சந்தோசமா இருந்த, நான் எதுக்குக் கெடுக்கணும்?” என்றான். அந்தக் கோணலோடேயே அது எனக்குப் பல வருஷம் உழைத்தது.

டூல் போஸ்ட் செய்யப்போகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் லேத்தின் குறை உங்கள் கைக்குப் பழகியிருக்கும், அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். உங்கள் குறையையும் அப்படியே சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மேலே ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். ராஜாமணி அண்ணன் கண்ணாடியோடு ஹேக்ஸாவில் நின்ற அந்த ஒரு வருஷமும், “வாங்க வாத்தியாரே” என்று அவரைக் கிண்டல் செய்தவன் நான். நான் ஆரம்பித்து வைத்து, பட்டறையே அப்படிக் கூப்பிட்டது. ஒருநாள் அவர் கையில் ராடு தடதடவென்று ஆடியபோது, “என்ன வாத்தியாரே, தெரியலையா? கண்ணாடியத் தொடைச்சுப் போடுங்க” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு வெள்ளெழுத்து வந்திருக்கவில்லை, கண் நன்றாகத்தான் தெரிந்தது.

நான் கண்ணாடி போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு துண்டு, கை ரெண்டும் துண்டுக்கு அடியில். மகள் டீயை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக் குடிக்க வைத்தார். ராஜாமணி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார்.

“வாங்க வாத்தியாரே” என்றார்.

“என்ன மன்னிச்சிருங்கண்ணே” என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. “டூல் போஸ்ட் செஞ்சியாமே, காதர் சொன்னான். எப்படிச் செஞ்ச?” என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும், பிளேடு கூட்ட மறந்ததையும், அரும்பையும் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வர வர, மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “நானும் ஒண்ண மறைச்சேன் செல்வராசு” என்றார்.

அவர் இப்போது இல்லை. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு அவர் துண்டுக்கு அடியில் இருந்த வலது கையை வெளியே எடுத்து, என் கையின் மேல் வைத்தார். அந்த நடுக்கம் என் தோள் வரைக்கும் வந்தது. நான் கையை எடுக்கவில்லை.